ஒரு வசனமும் பத்து நிமிடமும்

யோவான் நற்செய்தியின் பத்தொன்பதாம் அதிகாரம் தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் இப்படித் தொடங்குகிறது: “அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்.” ஆறே சொற்கள். எத்தனை அடி, எவ்வளவு நேரம், அடித்தவர்கள் எத்தனை பேர், அடிபட்டவர் அலறினாரா, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார் என்ற விவரம் எதுவும் அங்கே இல்லை. மத்தேயுவும் மாற்கும் இன்னும் சுருக்கமாக, சிலுவையில் அறைய ஒப்புக்கொடுப்பதற்கு முன்னர் நடந்த ஒரு காரியமாக அதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். லூக்காவில், தண்டித்து விட்டுவிடுவேன் என்று உரோமை ஆளுநர் பிலாத்து கூறுவதோடு சரி; அடி விழுந்ததாகவே அவர் எழுதவில்லை. 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, சாம்பல் புதனன்று, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த மெல் கிப்சனின் ‘த பாஷன் ஒஃப் த கிறைஸ்ட்’ இந்த ஆறு சொற்களுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடங்களை ஒதுக்கியது.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்களைச் சுற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துவரும் சர்ச்சைகளை இந்த இடைவெளியிலிருந்து பார்த்தால் அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது புலப்படும். நற்செய்தியாளர்கள் அவருடைய முகத்தை வருணிக்கவில்லை. பிலாத்துவின் முற்றத்தில் கூடி நின்ற கூட்டம் எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை. சிலுவையில் தொங்கிய அந்த மணிநேரங்களில் அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்பதையும் எழுதவில்லை. எழுதுகிறவர் விட்டுவிட்டுப் போகலாம். படம் எடுக்கிறவர் அப்படிப் போக முடியாது. முகம் என்றால் ஒரு நடிகரின் முகம் வேண்டும், கூட்டம் என்றால் ஐம்பது பேரா ஐந்நூறு பேரா என்று அன்று காலையிலேயே முடிவெடுத்தாக வேண்டும். வேதம் வெறுமையாக விட்ட இடத்தை இவர் தம் கையால் நிரப்புகிறார், அந்தக் கை யாருடையது, அதற்கு அந்த உரிமையை யார் கொடுத்தது என்பதிலிருந்தே சண்டை தொடங்குகிறது.

கிப்சனின் படத்தை நான் பார்த்தது மட்டக்களப்பில் ஓர் உறவினர் வீட்டில், அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா கழிந்து சில வாரங்களின் பின்னர், கள்ளப் பிரதியாக வந்த ஒரு தட்டில். அந்த ஆண்டுப் பெரிய வெள்ளி ஏப்ரல் 9ஆம் திகதி வந்தது. அன்று அதிகாலையில்தான் விடுதலைப் புலிகளின் வன்னிப் படையணிகள் வெருகல் ஆற்றைக் கடந்து வந்து, இயக்கத்திலிருந்து பிரிந்த கிழக்குத் தளபதி கருணாவின் பக்கம் நின்ற போராளிகளைத் தாக்கின. இரண்டு பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள். ஊரில் யாரும் அதைப் பற்றி உரத்துப் பேசவில்லை. கசையடிக் காட்சி தொடங்கிச் சற்று நேரத்தில், 1990இல் பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்காத பெரியம்மா ஒருவர் கதிரையை விட்டு எழுந்தார். “எனக்கு இதப் பாக்க ஏலா மனே” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அழவில்லை, தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. படம் முடிந்த பின்னும் அவர் முன்னறைக்கு வரவில்லை.

திரையில் அப்போது நடந்துகொண்டிருந்ததை விவரமாகச் சொல்வது அவசியம், ஏனெனில் படத்தின் வாதம் முழுவதும் அந்த விவரங்களில்தான் இருக்கிறது. உரோமைச் சேவகர்கள் முதலில் பிரம்புகளால் அடிக்கிறார்கள். ஒருவன் இலத்தீனில் எண்ணுகிறான். அடி ஓய்ந்ததும் கீழே விழுந்து கிடந்தவர் மெல்ல எழுந்து நிற்கிறார். அது சேவகர்களுக்கு ஓர் அறைகூவலாகப் படுகிறது. அடுத்து முனைகளில் உலோகக் கொக்கிகள் கட்டிய பல வார்ச் சவுக்கு வருகிறது. ஒருவன் அதை மேசைமேல் வீசி இழுக்கிறான். மரம் பெயர்ந்து வருகிறது. பிறகு அதே கொக்கி விலாவில் பதிகிறது. எல்லாம் முடிந்த பின் பிலாத்துவின் மனைவி கொடுத்த வெள்ளைத் துணிகளால் மரியாவும் மகதலேனாவும் முழந்தாளிட்டுத் தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைக்கிறார்கள்.

மனைவியின் அந்தத் துணி எந்த நற்செய்தியிலும் இல்லை. 1824இல் இறந்த ஜேர்மன் கன்னியாஸ்திரி ஆன் கத்தரின் எமெரிக் கண்டதாகச் சொல்லப்பட்ட காட்சிகளை எழுத்தாளர் கிளெமென்ஸ் பிரென்டானோ எழுதி வெளியிட்ட நூலிலிருந்து அது எடுக்கப்பட்டது. கிப்சனுக்குப் பின்னால் நிற்பது ஒரு நீண்ட கத்தோலிக்கப் பக்தி மரபு: காயங்களைத் தனித்தனியாக எண்ணித் தியானிக்கும் மரபு. இயேசுவின் உடலில் 5,480 காயங்கள் என்று மத்தியகால ஐரோப்பாவில் ஒரு கணக்கே வழங்கிற்று. நம் நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் கொங்கணியரான ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கமும் அந்த மரபின் கிளைதான். தவக்காலத்தில் அது நீட்டி ஓதப்படுவதைக் கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு அடியையும் தனியே நிறுத்திச் சொல்வது ஒன்றும் கிப்சனின் கண்டுபிடிப்பு இல்லை என்பது தெரியும். ஆனால் ஓதலைக் கேட்பவர் எவ்வளவு இரத்தத்தைத் தாங்க முடியுமோ அவ்வளவைத்தான் மனத்தில் காண்பார். காட்சியில் அந்த அளவை வேறொருவர் தீர்மானித்து வைத்திருக்கிறார். என் பெரியம்மா வருடந்தோறும் பெரிய வெள்ளியன்று பாடுகளின் வாசகத்தை முழுவதும் நின்றுகொண்டே கேட்பவர்.

படத்துக்கு ஏறத்தாழ 3 கோடி டொலர் செலவு. உலகெங்கும் வசூல் 60 கோடி டொலரைத் தாண்டியது. அமெரிக்காவில் வன்முறைக்காகப் பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாது என்ற தரச்சான்று பெற்ற இப்படத்துக்குத் தேவாலயங்கள் கூட்டங்கூட்டமாக ஆட்களை அழைத்துச் சென்றன. அடுத்த ஆண்டே, இரத்தத்தைச் சில நிமிடங்கள் குறைத்து ஒரு மறுபதிப்பும் வந்தது. அதை அதிகம் பேர் பார்க்கவில்லை.

வன்முறையைப் பற்றிய சர்ச்சைக்கு மிக முன்பே முகத்தைப் பற்றிய சர்ச்சை வந்துவிட்டது. சினிமா பிறந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, 1890களின் கடைசியில், பாடுகளின் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1905இல், திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியை வாங்கி ஊர்ஊராகச் சென்றபோது அவரிடம் இருந்த படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பம்பாயில் அத்தகைய ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இராமனையும் கிருஷ்ணனையும் இதுபோலத் திரையில் காண வேண்டும் என்ற எண்ணம் தமக்கு எழுந்ததாகத் தாதாசாகிப் பால்கே எழுதியிருக்கிறார். 1913இல் அவருடைய அரிச்சந்திரன் வந்தான். அதே 1913இல் வேலையைத் தொடங்கிய பிரித்தானியத் திரைப்படத் தணிக்கைச் சபையிடம் எழுத்தில் இருந்தவை இரண்டே விதிகள்: நிர்வாணம் கூடாது, கிறிஸ்துவை உருவமாகக் காட்டக்கூடாது. பால்கேயைத் தூண்டிய காட்சி இலண்டனில் நிர்வாணத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

இங்கே மட்டக்களப்புத் தமிழனுக்குச் சற்றுச் சிரிப்பு வரலாம். கூத்தின் வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் முழங்க, நேற்றுவரை வயலில் நின்ற அயல்வீட்டுக்காரர் இன்று தருமராக வரவு ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கின்போது வனவாசத்துக்கும் தீமிதிப்புக்கும் பாண்டவர்களாகப் புறப்படுகிறவர்கள் நோன்பிருந்தே அந்த உருவை ஏற்கிறார்கள். மனிதன் தெய்வத்தின் வேடம் பூணுவதில் நம் ஊரில் குற்றம் இல்லை. நோன்பில்லாமல் பூணுவதே குற்றம். வேடிக்கை என்னவென்றால் ஹொலிவுட்டுக்கும் இது தெரிந்திருந்தது. 1927இல் ‘த கிங் ஒஃப் கிங்ஸ்’ எடுத்த செசில் பி. டிமில், இயேசுவாகவும் மரியாவாகவும் நடித்தவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் புனிதத்தைக் குலைக்கும் பாத்திரங்களை ஏற்கக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1959இன் ‘பென்-ஹர்’ முகத்தைக் காட்டாமலே சமாளித்தது: நாசரேத்தில் அடிமைக்குத் தண்ணீர் கொடுக்கும் இயேசுவின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது, தடுக்க வந்த உரோமை அதிகாரி நிமிர்ந்து பார்த்துக் கூசித் திரும்பும் முகமே முழுத்திரையில் நிற்கிறது. முகத்தைக் காட்டிய படங்களைவிட இதில் அந்த முகம் நன்றாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். 1977இல் சிபிரெல்லியின் தொலைக்காட்சித் தொடரில் இயேசுவாக நடித்த ரொபர்ட் பவலின் நீலக் கண்கள் பிறகு பல வீட்டுச் சுவர்களில் படமாகத் தொங்கின. அந்தத் தொடர் ஒளிபரப்பாகும் முன்பே, அதைப் பார்த்திராத அமெரிக்கப் போதகர்கள் கிளப்பிய எதிர்ப்பில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அனுசரணையிலிருந்து விலகிக்கொண்டது என்பது இன்று நம்பக் கடினம்.

முகத்தைவிடக் கனமானது பழி. “இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக” என்று ஜனங்களெல்லாரும் சொன்னதாக மத்தேயு 27:25 கூறுகிறது. வேறு மூன்று நற்செய்திகளிலும் இந்த வாக்கியம் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களின் வீடுகளுக்குத் தீ வைத்தவர்களின் வாயில் இருந்தது இதுவே. பெரிய வாரத்தில் பாடுகளின் நாடகம் பார்த்துத் திரும்பிய கூட்டம் யூதக் குடியிருப்புகளைத் தாக்கியதுண்டு. கொள்ளைநோயிலிருந்து தப்பியதற்கு நேர்த்தியாக 1634இல் நாடகத்தைத் தொடங்கிய ஜேர்மன் கிராமமான ஒபராமர்காவுக்கு, அதன் முந்நூறாம் ஆண்டு நிறைவான 1934இல் ஹிட்லர் நேரில் போய் அமர்ந்து பார்த்தார். ஆறு மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு, 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ‘நொஸ்த்ரா எத்தாத்தே’ ஏட்டில், பாடுகளில் நிகழ்ந்தவற்றை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தவோ இன்றைய யூதர்மீது சுமத்தவோ முடியாது என்று அறிவித்தது.

படமெடுப்பவருக்கு இது ஒரு தொழில்முறைச் சிக்கலும்கூட. கூட்டத்தை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறாரோ அவ்வளவுக்குப் பழி பரவுகிறது. டிமில் 1927இல் யூத அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து, பழி முழுவதும் யூதத் தலைமைக் குருவான கயபா என்ற ஒரே ஆளின்மேல் விழும்படி செய்தார். கிப்சனோ பிலாத்துவை மனச்சாட்சி உறுத்தும் அதிகாரியாகவும் கயபாவை அசையாத முகத்தோடும் வைத்தார். யூதேயாவில் கலகக்காரர்களைச் சிலுவையில் அறைந்தே ஆட்சி நடத்திய உரோமை ஆளுநர் ஒருவரை இவ்வளவு மென்மையானவராகக் காட்ட வரலாற்று நூல்களில் அதிகம் ஆதாரம் இல்லை. இரத்தப்பழி வாக்கியத்தைப் பற்றி எழுந்த கண்டனங்களுக்கு அவர் கண்ட தீர்வு விசித்திரமானது. திரையின் கீழே வரும் மொழிபெயர்ப்பு எழுத்தை நீக்கினார். அரமாயத்தில் ஒலித்த குரலை அப்படியே விட்டார். ஆணியைப் பிடிக்கும் கை கிப்சனுடைய சொந்தக் கை என்பதை அவருடைய ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவார்கள்: என் பாவமே அறைந்தது என்ற அறிக்கை அது. அந்த நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கை யாருடையது என்று சொன்னால்தான் தெரியும். கயபாவின் கூட்டம் யார் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

‘எங்கள் பிள்ளைகள்மேலும்’ என்ற சொற்களை மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும்போது அவை பழங்கதையாக இருப்பதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர்கள் பலர் உட்பட முப்பது பேர் அளவில் இறந்தார்கள். அன்றைய தாக்குதல்களின் தலைவன் முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்று தெரிந்த பின்னர், அவனைத் தெரியாதவர்களும், அவனைப் பற்றி முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தவர்களும்கூட, ஒரே ஊர்க்காரர், ஒரே மதத்தவர் என்பதற்காகப் பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள். கடைகள் வெறிச்சோடின. மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் பள்ளிவாசல்களும் முஸ்லிம் வீடுகளும் எரிந்தன.

கிப்சனுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1964இல், இதே மத்தேயுவை வரிக்கு வரி எடுத்துக்கொண்ட இத்தாலிய இயக்குநர் பசோலினி பழியையும் இரத்தத்தையும் வேறு விதமாகக் கையாண்டார். அவர் மார்க்சியர், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு குறும்படத்துக்காக மதத்தை அவமதித்த குற்றத்தின்பேரில் தண்டனை பெற்றிருந்தார். தென் இத்தாலியின் மத்தேரா என்ற வறண்ட ஊரில், பெரும்பாலும் நடிகர்களே அல்லாத ஏழைகளை வைத்து எடுத்தார். ஸ்பானிய மாணவர் ஒருவர் இயேசு. முதிய மரியாவாகத் தம் சொந்தத் தாயையே நிறுத்தினார். விசாரணைக் காட்சியில் கமரா முற்றத்துக்குள் போகவே இல்லை. கூட்டத்தின் பின்னால், தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, எதுவும் சரியாகத் தெரியாமல் தவிக்கிறது. கச்சேரி வாசலிலும் முகாம் வாசலிலும் பிள்ளையைத் தேடி நின்ற எவருக்கும் அந்தக் கோணம் தெரியும். எனக்குப் பிடித்த இயேசு படம் இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

மனத்துக்குள் புகுந்த படம்தான் மிகப் பெரிய கலவரத்தை உண்டாக்கியது. நிக்கொஸ் கசன்சாக்கிஸின் நாவலைத் தழுவி மார்ட்டின் ஸ்கோர்செசி 1988இல் எடுத்த ‘த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஒஃப் கிறைஸ்ட்’, தான் நற்செய்திகளை அடிப்படையாகக் கொள்ளவில்லை என்று ஆரம்பத்திலேயே எழுதிக்காட்டுகிறது. சிலுவையில் தொங்கும் இயேசு, இறங்கி வந்து மணம்முடித்துப் பிள்ளைகள் பெற்று முதுமையில் கிடப்பதாக ஒரு சோதனைக் காட்சியைக் காண்கிறார். அது சாத்தானின் சோதனை என்று உணர்ந்து சிலுவைக்கே திரும்புகிறார். “எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற” என்று எபிரேயர் நிருபம் கூறுவதில் முதல் பாதியை அவர் முழுமையாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் திரும்புதலைப் பார்க்கவில்லை, படத்தையே பார்க்கவில்லை. தயாரித்த நிறுவனத்திடம் செலவைக் கொடுத்துப் படச்சுருளை வாங்கி அழித்துவிட ஒரு போதகர் முன்வந்தார். அந்த ஒக்டோபரில் பாரிஸின் சென்-மிஷேல் திரையரங்குக்குத் தீவிரக் கத்தோலிக்கர்கள் தீ வைத்ததில் பத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். சிலியில் விதிக்கப்பட்ட தடை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம்வரை சென்று, 2001இல் அத்தடை கருத்துச் சுதந்திரத்துக்கு மாறானது என்ற தீர்ப்பைப் பெற்றது. இரத்தம் மிகுந்த கிப்சன் படத்தின் அரங்குகளுக்குத் தேவாலயங்களே வாகனம் பிடித்து ஆள் அனுப்பின. ஒரு கனவைக் காட்டிய படத்தின் அரங்கு எரிந்தது. உடல் படும் பாட்டைவிட மனம் படும் பாடு பக்தர்களைக் கலவரப்படுத்துகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இலங்கையில் இதற்கு ஒப்பானது 2006இல் நடந்தது. இயேசு மணம் புரிந்தவர் என்ற கற்பனையை வைத்த ‘த டாவின்சி கோட்’ படத்தை, ஆயர் பேரவையின் வேண்டுகோளைத் தொடர்ந்து ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தடைசெய்தார். தமிழ்நாட்டு அரசும் தடைசெய்தது, அங்கே உயர்நீதிமன்றம் அதை நீக்கிற்று. கிழக்கில் மறுபடி ஷெல் விழத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. மட்டக்களப்பு மரியன்னை இணைப்பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டு அரையாண்டுகூட ஆகவில்லை. பீடத்தின் புனிதத்துக்கு அந்தத் துப்பாக்கியைவிட ஒரு துப்பறியும் படம் அதிக ஆபத்தா என்று அப்போது எங்கள் பங்கில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது.

கல்முனையிலோ சம்மாந்துறையிலோ இருந்து பார்த்தால் பிரச்சினை இன்னும் அடியிலிருந்தே தொடங்குகிறது. இயேசுவாகிய ஈசா நபியை உருவமாகக் காட்டுவதே கூடாது. அதற்கும் மேலாக, அவரை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவ்வாறு தோன்றச் செய்யப்பட்டது என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 157ஆம் வசனம் கூறுவதால், சிலுவைக் காட்சி ஒரு முஸ்லிமுக்கு நடக்காத ஒன்றின் படம். 2004இல் குவைத் கிப்சன் படத்தைத் தடுத்தது. மலேசியா கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்றது. ஈரானிய இயக்குநர் நாதிர் தாலிப்சாதே 2007இல் எடுத்த படம் இரண்டு முடிவுகளை அடுத்தடுத்துக் காட்டியது: ஒன்றில் இயேசு சிலுவையில், மற்றதில் அவர் வானுக்கு உயர்த்தப்பட அவர் சாயலுடைய யூதாஸ் சிலுவையில். இரு தரப்பையும் மதிக்கும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்தக் கதை தொடராக 2010இல் லெபனானில் ஒளிபரப்பானபோது, அங்குள்ள கிறிஸ்தவத் தலைவர்கள் முறையிட்டு, இரண்டு தொலைக்காட்சிகள் அதை இடைநிறுத்தின. புண்பட்டவர் என்ற இடத்தில் இம்முறை நாங்கள் இருந்தோம்.

இன்னொரு வகைச் சர்ச்சை படத்தின் உள்ளடக்கத்தைச் சாராதது. லூக்காவை ஒட்டி 1979இல் எடுக்கப்பட்டு உலகின் மிகப் பல மொழிகளில் குரல் மாற்றப்பட்ட படத்தை, வெள்ளைத் துணி கட்டி, மின்பிறப்பாக்கி வைத்துக் கிராமம் கிராமமாகக் காட்டிய குழுக்கள் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் தற்காலிகக் குடில்களுக்கிடையில் அந்தத் துணி கட்டப்பட்டபோது, அதைப் பார்த்த சைவர்கள் இயேசுவோடு சண்டை பிடிக்கவில்லை. அவரைக் கொண்டுவந்தவர்கள் அடுத்த நாள் என்ன கேட்பார்கள் என்பதையே யோசித்தார்கள்.

கடந்த சில ஆண்டுகளாகப் பெரிய வெள்ளிக்கு எங்கள் பங்கில் இளைஞர்கள் சிலுவைப்பாதையை நடித்துக் காட்டுகிறார்கள். கசையடிக்கு மூன்று அடிதான். மூன்றாவதோடு மேளம் நிற்கும், வாசகர் அந்த ஒரு வசனத்தைப் படிப்பார், ஊர்வலம் நகரும். 2019க்குப் பிறகு பெரிய வாரத்தில் ஆலய வாசலில் படையினர் நிற்கிறார்கள், பைகளைத் திறந்து பார்த்தே உள்ளே விடுகிறார்கள். ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு உரோமைச் சேவகன் வேடம். தங்க நிறக் கடதாசி ஒட்டிய அட்டைத் தொப்பி தலையில். பைக்குள் என்ன என்று சிப்பாய் அரைகுறைத் தமிழில் கேட்டார். அவன் சாட்டையை எடுத்துக் கொடுத்தான்: பழைய சேலைக் கரையைக் கிழித்துப் பின்னி, முனையில் செங்குங்குமம் தோய்த்தது. சிப்பாய் அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், விரலில் பட்ட சிவப்பைத் துப்பாக்கி வாரில் துடைத்துக்கொண்டார், திருப்பிக் கொடுத்து உள்ளே போகச் சொன்னார்.